துணி மூட்டையும் தேயிலை மலையும்

அயல்நாடு ஒன்றிற்குத் தொண்டு செய்யும் நோக்கத்துடன் செல்லும் ஒருவர், அங்கே இறங்கிய முதல் நாளிலேயே ஒரு சோதனைக்கு உள்ளாகிறார். ஊர் புதிது, தட்பவெப்பம் புதிது, வழக்கங்களும் புதியன. அவரை நிலையத்தில் எதிர்கொள்பவர் யார், அவர் முதன்முதல் உணவு கொள்ளும் வீடு எது, ஊர்ச் செய்திகளை எவர் வாயிலாகக் கேட்கிறார் என்பனவெல்லாம், அவர் அறியாமலே அவருடைய கருத்தை உருவாக்கிவிடுகின்றன. ஒரு வாரம் சென்றபின், "இவ்வூர் இத்தகையது" என்று அவர் தம் வீட்டிற்குக் கடிதம் எழுதுகிறார். அக்கடிதத்தில் காணப்படுவது ஊரா, அன்றி ஊருக்குள் அவர் நுழைந்த வாயிலா என்பது ஆராயத்தக்க கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண்பதற்கு இலங்கையின் மத்திய மலைநாட்டைவிடப் பொருத்தமான இடம் அரிது. அட்டன், நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா என்னும் பெயர்கள் தமிழ்நாட்டு மக்களுக்குப் புதியன அல்ல. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் சென்று குடியேறிய இடங்கள் அவை. பிழைப்பு நாடிச் சென்றவர் பல்லாயிரவர். வாணிகம் நாடிச் சென்றவர் சிலர். அங்குள்ள எளியோருக்கு உழைக்கவேண்டும் என்ற எண்ணத்துடன் சென்று, அந்நாட்டிலேயே தம் வாழ்நாளை முடித்தவர் மிகச் சிலர். அவருள் முதன்மையானவர் தஞ்சையைச் சேர்ந்த கோ. நடேசய்யர். அவர் மலைநாட்டை முதன்முதல் எவ்வாறு கண்டார், கண்டது அவரை எங்கே கொண்டு சென்றது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில், அழைப்புப் பெற்ற விருந்தினர் செல்லும் வழியைக் காண்போம். கொழும்பிலிருந்து புறப்படும் புகைவண்டி, தென்னந்தோப்புகளையும் நெல்வயல்களையும் கடந்து மலைச்சரிவுகளை அடைகிறது. இவ்விருப்புப்பாதை நாவலப்பிட்டி வரை 1874இலும், அட்டன் வரை 1884இலும், நானுஓயா வரை 1885இலும் திறக்கப்பட்டது. நாவலப்பிட்டிக்கு அப்பால் ஏற்றம் தொடங்குகிறது. மழைக்குப் பெயர்பெற்ற வட்டவளையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறி, கடல் மட்டத்திற்கு மேல் நாலாயிரம் அடிக்கும் மிகுந்த உயரத்திலுள்ள அட்டனில் வண்டி நிற்கும். அட்டன் என்பது ஸ்காத்லாந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர். அங்கிருந்து வந்த துரைமார்கள் தம் ஊர்ப்பெயரை இம்மலைக்கும் இட்டனர். நிலையத்தை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம். இருள் நீங்கி வண்டி வெளியே வந்தால் கொட்டகலைச் சரிவுகள். அதன்பின் தலவாக்கலைக்கு அருகே சென்கிளேயர் அருவி. நானுஓயாவில் இறங்கிச் சாலை வழியே ஐந்து மைல் சென்றால் நுவரெலியா.

நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை அதன் தலைமாட்டில் நிற்கிறது. 1819இல் ஜான் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் இவ்விடத்தைக் கண்டு எழுதினார். பின்னர் ஆளுநர் எட்வர்டு பார்ன்ஸ் இதனை நோயாளிகள் உடல்நலம் தேறும் குளிரிடமாக்கினார். ஏரி ஒன்று வெட்டப்பட்டது. குதிரைப் பந்தயமும் குழிப்பந்தாட்டமும் வந்தன. ஓங்கிய கூரைகளையுடைய மாளிகைகள் எழுந்தன. வீட்டு முற்றங்களில் ரோசாவும், தோட்டங்களில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளைந்தன. குட்டி இங்கிலாந்து என்று அதனைப் புகழ்ந்தனர். சிறிது தொலைவில் சீதாஎலியா. சீதை சிறையிருந்த அசோகவனம் அதுவே என்று அப்பகுதி மக்கள் போற்றி வழிபடுவர்.

இவ்வழியாக வரும் விருந்தினரின் கண்ணுக்கு மலை முழுதும் ஒரே பசுமை. சீவி முடித்த கூந்தலைப் போல் நிரை நிரையாகத் தேயிலைச் செடிகள். அவற்றின் நடுவே, தலையில் கயிறு கட்டிப் பின்புறம் கூடை தொங்க, வரிசையாக நகரும் பெண்கள். தொலைவிலிருந்து பார்த்தால் அவர்கள் வண்ணப் புள்ளிகள். மாலையில் துரை பங்களாவின் கணப்பருகே அமர்ந்து தேநீர் அருந்தும் விருந்தினர், "எத்துணை அமைதியான ஊர்!" என்று வியந்தால் அதில் பொய் ஏதும் இல்லை. அவர் கண்டது உண்மைதான். ஆயினும் அவர் காணாதது மிகப் பெரிது.

அப்பெண்களும் அவர்களுடைய முன்னோரும் வேறொரு வழியாக அம்மலைக்கு வந்தவர்கள். தேயிலைக்கு முன்னர் அங்கே காப்பி விளைந்தது. காப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. அதற்கெனத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டங் கூட்டமாக ஆட்கள் வந்தனர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளை வரை நடந்து, அதன்பின் மலையேறினர். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். பறிப்பு முடிந்ததும் மிஞ்சியவர் ஊர் திரும்பினர்.

1869இல் காப்பி இலைகளில் ஒருவகைப் பூஞ்சண நோய் தோன்றியது. சில ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. லூல்கந்துர என்னும் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். நொடித்துப்போன தோட்டக்காரர்கள் அவர் வழியைப் பின்பற்றினர். பயிர் மாறியதும் மக்களின் வாழ்வும் மாறியது. தேயிலைக்குப் பருவம் ஒன்றில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகிய கொழுந்தை ஏழு, பத்து நாட்களுக்கு ஒருமுறை ஆண்டு முழுவதும் கிள்ளவேண்டும். பெண்களும் சிறுவரும் அடங்கிய குடும்பங்கள் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. வந்துபோகும் ஆட்களுக்கென எழுப்பிய நீண்ட கொட்டகைகளே நிலையான குடியிருப்புகளாயின. அவற்றிற்கு லயம் என்று பெயர். ஒரு கூரையின்கீழ்ப் பத்தோ பன்னிரண்டோ அறைகள். ஒவ்வோர் அறையும் ஏறத்தாழப் பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். ஓர் அறை ஒரு குடும்பத்தின் வீடு.

அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுத்தவர் அவர். வழிச்செலவு செய்தவர் அவர். தோட்டத்தில் மேற்பார்வை செய்பவரும் அவரே. ஆகையால் தோட்டத்தில் கால்வைக்கும் முன்னரே ஒருவனுடைய பெயரில் கடன் ஏறியிருக்கும். வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெறுபவர் கங்காணி. ஆட்கள் நோயில் படுத்தால் அவருக்கு நட்டம். துண்டு முறை என்று ஒன்று இருந்தது. இத்தனை ரூபாய்க் கடனைத் தீர்த்தால் இக்கங்காணியையும் இவருடைய ஆட்களையும் விடுவிப்போம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதித் தரும் சீட்டு அது. அச்சீட்டைக் கொண்டு மற்றொரு தோட்டத்திற்குப் போகலாம். கடனும் உடன் போகும். 1921இல்தான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இந்த மலைநாட்டுக்குத்தான் 1910களின் நடுப்பகுதியில் நடேசய்யர் வந்தார். தஞ்சையில் ஆசிரியராக இருந்தவர் அவர்; 'வர்த்தகமித்திரன்' என்னும் பத்திரிகையை நடத்தியவர்; வணிகம், கணக்கு முதலிய பொருள்கள் பற்றி நூல்கள் எழுதியவர். கொழும்பில் இந்திய வணிகர்கள் கூட்டிய விழா ஒன்றிற்கென அவர் இலங்கைக்குச் சென்றார். மாலை சூட்டி வரவேற்கும் வணிகர்களுடன் சில நாட்கள் தங்கி, கண்டியையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு அவர் திரும்பியிருக்கலாம். ஆனால் தம் நாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் உழைக்கும் தோட்டங்களைக் காணாமல் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை.

ஆயின் தோட்டத்திற்குள் செல்ல வழி இல்லை. தோட்டம் முழுவதும் தனியார் உடைமை. ஆயிரக்கணக்கான மக்கள் குடியிருந்தும் அது ஊர் ஆகாது; அதனூடே செல்லும் பாதை தெரு ஆகாது. துரையின் இசைவின்றிப் புகும் வெளியார்மீது அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் சாட்டலாம். ஒருவர் தம் உடன்பிறந்தாரின் வீட்டு வாசலுக்குச் செல்லவும் மூன்றாம் மனிதர் ஒருவரின் அனுமதி தேவைப்பட்டது. பத்திரிகைக்காரருக்கு அவ்வனுமதி கிடைப்பது எளிதா?

தடையின்றிச் சென்றுவரக்கூடியவர் ஒருவகையினர் இருந்தனர். அவர்கள் தலையில் துணி மூட்டை சுமந்து லயம் லயமாகச் சென்று விற்பவர்கள். பொட்டணி வியாபாரிகள் என்று மலைநாட்டார் அவர்களை அழைப்பர். தொழிலாளருக்குத் துணி வேண்டும். கடைவீதியோ பல மைல் தொலைவு. ஆகவே துரைமாரும் அவர்களைத் தடுப்பதில்லை. நடேசய்யர் துணி வியாபாரியாக மாறினார். அதற்குரிய அனுமதியைப் பெற்று, மூட்டையுடன் தோட்டங்களுக்குள் நுழைந்தார்.

பங்களாவின் கணப்பருகே அமர்பவர் அறிய முடியாத பலவற்றைத் துணி மூட்டைக்காரர் அறிவார். அவர் லயத்தின் வாசலில், இஸ்தோப்பு என்று வழங்கும் சிறு தாழ்வாரத்தில் அமர்கிறார். மூட்டையை அவிழ்த்ததும் பெண்கள் சூழ்கின்றனர். எந்தச் சேலையைத் தொட்டுப் பார்க்கின்றனர், எதனை மடித்துத் திரும்ப வைத்துவிடுகின்றனர் என்பதைக் கொண்டே குடும்பத்தின் வரவுசெலவை அவர் கணித்துவிடலாம். விலையைக் கேட்டபின், "சம்பளத்துக்குத் தாரோம்" என்று சொல்வார்கள். அந்தச் சம்பளம் எவ்வளவு, அதில் அரிசிக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், பழைய கடனுக்கு எவ்வளவு, கையில் வருவது யாது என்று பேச்சு வளரும். எவரும் விசாரணைக்கு வந்தவரிடம் பேசுவதுபோல் அஞ்சிப் பேசுவதில்லை. கடன் சொல்லுவதற்காகப் பேசுகின்றனர். கணக்கு நூல் எழுதிய கைக்கு இதைவிடச் சிறந்த ஏடு கிடைத்திருக்க முடியாது.

தோட்டத்து நாள் எவ்வாறு தொடங்குகிறது என்பதும் அங்கே தெரியவரும். விடியுமுன்னே தப்பு முழங்கும். பனியில் நடுங்கியபடி ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்தில் கூடவேண்டும். அங்கே பேர் எடுத்து, இன்னின்னார் இன்ன மலைக்கு என்று அனுப்புவார்கள். கைக்குழந்தைகளைப் பிள்ளைமடுவத்தில் விட்டுத் தாய்மார் கொழுந்துக்குச் செல்வர். குறித்த அளவு கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான். அதாவது பாதி நாள் கூலி. இவையெல்லாம் எங்கும் மறைத்து வைக்கப்பட்ட செய்திகள் அல்ல. லயத்து வாசலில் ஒரு நாழிகை அமர்ந்தவர் எவரும் கேட்டறியக்கூடியவை. ஆனால் அங்கே அமர்வதற்கு வெளியார் எவருக்கும் இடமில்லாமல் இருந்தது.

தாம் கண்டவற்றை நடேசய்யர் எழுதி வெளியிட்டார். தமிழ்நாடு திரும்பியபின்னும் அக்காட்சி அவரை விடவில்லை. 1920இல் மீண்டும் இலங்கை சென்று அங்கேயே தங்கினார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்னும் பத்திரிகைகளின் வாயிலாக எழுதினார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் சேர்ந்து சிங்களத் தொழிலாளருடனும் தோளோடு தோள் நின்று பணிபுரிந்தார். 1925இல் சட்டசபையில் இந்தியர் பிரதிநிதியானார். 1927ஆம் ஆண்டின் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வரையறுக்க வழிசெய்தது. அதன்படி மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று கூலி அமைந்தது. பேசுவதற்குச் சபையில் ஓர் இருக்கை கிடைத்தும், அவருக்குக் குறை ஒன்று இருந்தது. பேசப்படும் மக்களோ நூறு மைலுக்கு அப்பால் மலைமீது இருந்தனர்.

ஆகையால் 1931இல் அவர் அட்டனுக்கு வந்தார். அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அங்கே நிறுவினார். மலைநாட்டில் நுவரெலியா இருக்க, கண்டி இருக்க, அட்டனை அவர் தேர்ந்தது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. அட்டன் அழகிய நகரம் அன்று. புகைவண்டி நிலையம், அதிலிருந்து மேடும் பள்ளமுமாகச் செல்லும் கடைவீதி, அரிசி மண்டிகள், துணிக்கடைகள், கோயில், பள்ளி, இவ்வளவே அன்றைய ஊர். மார்கழி தொடங்கி வைகாசி வரை சிவனொளிபாத மலைக்குச் செல்லும் அடியார்கள் இங்கே இறங்கிச் செல்வர். ஆனால் சுற்றிலும் திக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை ஆகிய பக்கங்களிலுள்ள தோட்டங்களுக்கெல்லாம் அதுவே வாசல். சம்பளம் வாங்கிய மறு ஞாயிறு அரிசிக்கும் துணிக்கும் மருந்துக்கும் மக்கள் மலையிறங்கி வரும் இடம் அது.

இன்னும் ஒரு சிறப்பு அட்டனுக்கு உண்டு. அதன் வீதி பொது வீதி. அங்கே நிற்பதற்குத் துரையின் இசைவு வேண்டியதில்லை. தோட்டத்திற்குள் ஒரு தொழிலாளியும் சங்கத்துக்காரரும் பேசினால் அது அத்துமீறல். அட்டன் கடைவீதியில் பேசினால் அது இரு மனிதர்களின் உரையாடல். கொழும்பிலிருந்து வரும் உல்லாசப் பயணிக்கு அட்டன், நுவரெலியாவுக்குப் போகும் வழியில் வண்டி நிற்கும் ஒரு நிலையம். தொழிலாளிக்கோ, சுதந்திரமாகக் கால் ஊன்றி நிற்கக்கூடிய ஒரே நிலம். துணி மூட்டையுடன் மலையேறியவருக்கு இவ்வேறுபாடு விளங்கியிருந்ததில் வியப்பில்லை.

அவருடைய மனைவியார் மீனாட்சியம்மையின் தொண்டு தனியே கூறத்தக்கது. எழுத்தறியாத மக்களிடம் பத்திரிகை எட்டாது என்பதை அவர் உணர்ந்தார். தொழிலாளரின் துயரங்களையும் உரிமைகளையும் பாடல்களாகப் புனைந்து, கூட்டங்களில் தாமே பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் அவருடைய பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. பெண்கள் மேடையேறுவது அரிதாக இருந்த அக்காலத்தில், கொழுந்து கிள்ளும் பெண்கள் தம் வாழ்க்கையைத் தம் மொழியில் ஒரு பெண் பாடக் கேட்டனர். மூட்டை செய்த வேலையைப் பின்னாளில் பாட்டு செய்தது எனலாம்.

துணி மூட்டையின் வழியாக அன்றி, பங்களாவின் வழியாகவே வந்தும் மலைநாட்டின் உண்மையைக் கண்ட ஒருவரும் உண்டு. அவர் மார்க் அந்தனி பிரேஸ்கர்டில். ஆஸ்திரேலியாவிலிருந்து 1936இல் இலங்கைக்கு வந்த அவ்விளைஞர், மடுல்கலைப் பகுதியிலுள்ள ஒரு தோட்டத்தில் துரை வேலை பழகச் சேர்ந்தார். வெள்ளையர்க்குரிய வாயில் அவருக்குத் திறந்தே இருந்தது. ஆயினும் தொழிலாளர் நடத்தப்படும் முறையைக் கண்டு மனம் பொறாமல் வேலையை இழந்தார். லங்கா சமசமாஜக் கட்சியுடன் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவர் பேசினார். அந்த மாதமே ஆளுநர் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். அவர் மறைந்திருந்து, பின்னர் கொழும்புக் காலிமுகத் திடலில் மக்கள் முன் தோன்றினார். ஆணை செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பங்களாவில் இருப்பவர் எவருமே லயத்தைக் காண இயலாதவர் அல்லர் என்பதற்கு அவர் சான்று. காண விரும்பியவர் எத்தகைய விலை கொடுக்கவேண்டியிருந்தது என்பதற்கும் அவரே சான்று.

நடேசய்யர் அட்டன் தொகுதியிலிருந்து 1936இல் அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன்பே உலகப் பொருளாதார மந்தம் வந்து, கூலி குறைக்கப்பட்டுவிட்டது. அவர் தொடங்கிய சங்கம் பெரிதாக வளர்ந்து நிலைக்கவில்லை. 1939இல் ஜவகர்லால் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றிற்று; தொழிலாளர் அதன்பால் திரண்டனர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலை நிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி போலீசாரின் துப்பாக்கிக்கு இரையானார். அவ்வாறு பலருடைய உழைப்பாலும் குருதியாலும் தோட்டத்தின் மூடிய வாயில் சிறிது சிறிதாகத் திறந்தது. முதலில் அதனைத் தட்டியவர் 1947 நவம்பரில் காலமானார்.

அவர் மறைந்த மறு ஆண்டே அம்மக்களுக்குப் பேரிடி விழுந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள இசைந்தன. பிறந்த மலையை விட்டு, தாம் ஒருபோதும் கண்டிராத தாய்நாட்டிற்குக் கப்பல் ஏறியவர் பலர். நீலகிரியிலும் பிற இடங்களிலும் அவர்கள் மீண்டும் புதியவர்களாக இறங்கினர். ஊரின் முதற்காட்சியை அவர்களும் கண்டனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் தீர்க்கப்பட்டது.

இம்மக்களின் முன்னோர் வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை 2023இல் மலைநாடெங்கும் நினைவுகூர்ந்தனர். பள்ளிகள் பெருகியுள்ளன, ஆசிரியர்களும் மருத்துவர்களும் எழுத்தாளர்களும் அம்மக்களிடையே தோன்றியுள்ளனர். ஆயினும் பல தோட்டங்களில் லயங்கள் இன்னும் நிற்கின்றன. நெடுங்காலமாக அங்கே ஒரு குடும்பத்திற்கென்று தனி முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதினால் கடிதம் தோட்டக் காரியாலயத்திற்குச் செல்லும். அங்கிருந்துதான் உரியவரின் கைக்கு வரவேண்டும். ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடும், அந்நிலத்திற்கு உறுதியும் தரும் திட்டங்கள் அண்மை ஆண்டுகளில் நடைபெற்று வருகின்றன. இந்திய அரசும் அதற்கு உதவுகிறது. 2017 மே மாதம் மலைநாட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், முன்னர் அறிவித்த 4,000 வீடுகளுடன் மேலும் 10,000 வீடுகள் கட்ட உதவி அறிவித்தார். சொந்த வாசல் ஒன்று பெறுவது அவர்களுக்கு எத்துணைப் பெரிய செய்தி என்பதை, துரையின் இசைவின்றி விருந்தினர் எவரும் நுழைய முடியாதிருந்த காலத்தை அறிந்தவரே முற்றும் உணர்வர்.

இன்றும் தமிழ்நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் மலைநாட்டுக்குச் செல்கின்றனர். ஆங்கிலம் கற்பிக்கச் செல்பவர் உண்டு. மருத்துவ உதவிக்குச் செல்பவர் உண்டு. சில மாதங்கள் தங்கிப் பணிபுரிந்துவிட்டுத் திரும்புபவர் உண்டு. அவர்களுக்கு மூட்டையும் வேண்டாம், மாறுவேடமும் வேண்டாம். ஆனால் அவர்களைச் சுமந்து செல்லும் வண்டி பழைய வண்டிதான்; அருவியும் மூடுபனியும் பசுமையும் முன்போலவே முந்திக்கொண்டு கண்ணில் படும். அவற்றைக் கண்டு மகிழ்வதில் குற்றமில்லை. கடிதம் எழுத உட்காருமுன், தாம் எவருடைய வீட்டில் அமர்ந்து அதனை எழுதுகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம். லயத்து இஸ்தோப்பில் ஒரு மாலை நேரம் அமர்ந்து, அங்குள்ள பெரியவர்கள் சொல்வதைக் கேட்டபின் எழுதப்படும் கடிதம் சற்றுத் தாமதமாக வந்தாலும், ஊரைப் பற்றிய செய்தி அதில் இருக்கும்.

நடேசய்யர் முதன்முறை கண்டது சில தோட்டங்களை மட்டுமே. தங்கியது சில நாட்களே. ஆனால் அம்முதற்காட்சி பழுதற்றதாக இருந்தமையால், அதனைப் பின்னர் ஒருநாளும் அவர் மாற்றி எழுத நேரவில்லை. அதன்மீதே தம் பிற்கால வாழ்வு முழுவதையும் கட்டினார். அயல்நாட்டிற்குத் தொண்டு செய்யப் போகிறவர் எடுத்துச் செல்லவேண்டிய பொருள்கள் பல. அவற்றுள் எது முதன்மையானது என்று கேட்டால், எளியோரின் வாசலில் கூச்சமின்றி அமரும் பழக்கம் என்றே அவருடைய வாழ்க்கை விடை கூறுகிறது.